பெயர் யாருக்கு வேண்டும், எண்ணிக்கை யாருக்குப் போதும்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறார்: பெண் பிள்ளைகள் இடைநிற்பதையும் குழந்தைத் திருமணத்தையும் தடுக்க வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளின் பெயர், பிறந்த தேதி, சாதி, பெற்றோர் தொழில், கைபேசி எண், மதிப்பெண், வருகை எல்லாவற்றையும் ஒரே எக்ஸலில் கேட்கிறது, போன வருடம் வேறு ஒருவருக்கு இதே மாதிரி ஒன்றை அனுப்பிவிட்டேன், அது என்ன ஆனதென்று இதுவரை தெரியவில்லை, இந்த முறை கொடுக்கலாமா, சட்டம் என்ன சொல்கிறது? கேள்வியைச் சட்டத்தில் கொண்டுபோய் முடித்திருக்கிறீர்கள் டீச்சர். எழுதியதை இரண்டு முறை படித்த பிறகு உங்களை உறுத்துவது வேறு என்று எனக்குப் பட்டது. கொடுத்தால், நம்மை நம்பிப் பிள்ளையை அனுப்பிய வீட்டுக்குச் செய்யும் துரோகமாகிவிடுமோ. கொடுக்காமல் விட்டு நாளைக்கு ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறினால் அந்தப் பாவம் நம்மைச் சேருமோ. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் 17 ஆண்டுகள் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன். பென்னாகரத்தில் தொடங்கி, இடையில் தளி, கடைசியில் அரூர். பயிற்றுநர் என்று பெயர் இருந்தாலும் பாதி நாள் பள்ளி விவரப் படிவங்களோடுதான் போனது. இந்தப் படிவங்களோடு நம் மாவட்டத்துக்குப் பழைய உறவு உண்டு. 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், நாமெல்லாம் டிபெப் என்று சொன்னது, தமிழ்நாட்டில் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் தர்மபுரி ஒன்று. கிருஷ்ணகிரி அப்போது நம்மோடுதான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. பெண்களின் எழுத்தறிவு நாட்டின் சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களாகப் பார்த்துத்தான் அந்தத் திட்டத்துக்கு எடுத்தார்கள். அதன் கூடவே வந்த பள்ளி விவரப் படிவம்தான் டைஸ். பிறகு யூடைஸ் ஆகி, இன்று யூடைஸ் பிளஸ். எத்தனை பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று யாரோ எண்ணிக் காட்டியதால்தான் நம் மலைக் கிராமங்களுக்குக் கட்டிடமும் ஆசிரியரும் வந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தர்மபுரிதான், 68.5 சதவீதம். அதனால் விவரம் சேகரிப்பதே தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நான் வழக்கறிஞன் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் பற்றி எழுதும் இடத்தில் சட்ட வாசகம் எது, என் வாசிப்பு எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. ஒரு பிள்ளைக்காக நாளைக் காலை வீட்டுக் கதவைத் தட்டப்போகிறவருக்குப் பெயர் வேண்டும். திட்டம் போடுகிறவருக்கும், பணம் ஒதுக்குகிறவருக்கும், அறிக்கை எழுதுகிறவருக்கும் எண்ணிக்கை போதும். நம்மிடம் வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை ஆட்கள் கேட்பவை. கேட்பது மட்டும் முதல் வகைக்கு உரிய விவரம். உங்களிடம் வந்திருப்பதும் அதேதான். எக்ஸலில் அவர்கள் கேட்ட ஒவ்வொரு காலத்துக்கும், அதாவது பத்திக்கும், நேராக ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இதை வைத்துக்கொண்டு யார், எந்த நாளில், என்ன செய்யப்போகிறார்? பதில் எழுத முடியாத காலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

இடைநிற்றலைத் தடுப்பதில் அதிகம் உதவும் விவரம் எது என்று என்னைக் கேட்டால் வருகைப் பதிவேடு என்பேன். நம்மிடம் இருப்பதிலேயே அந்தரங்கம் குறைந்த விவரமும் அதுதான். பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்பு டீச்சர் ஒருவர் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைப்பார். ஆப்சென்ட் போட்ட நாள் எந்தக் கிழமை என்பதற்கான புள்ளி அது. ஒரு பெண்ணுக்கு ஆவணியில் இருந்து ஒவ்வொரு திங்களும் புள்ளி இருந்தது. அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டிட வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடிகாலை வண்டி ஏறுவார்கள். அன்றைக்குத் தம்பியைக் கிளப்பி, ஆயாவுக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு வர அவளால் முடியவில்லை. இது தெரிந்ததும் திங்களில் மட்டும் தாமதமாக வரலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார், வருகை சீரானது. தை பிறந்து இரண்டாம் வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சேர்ந்தாற்போல் ஆப்சென்ட். திங்களுக்கு மாறாக இந்தப் பக்கம் புள்ளி வந்ததும் டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். "அவ மாமன் ஊருக்குப் போயிருக்கா சார்" என்றார் ஆயா. திண்ணையில் புதுப் பித்தளைக் குடம் ஒன்று காகிதம் பிரிக்காமல் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றிரவே அப்பாவிடம் போனில் பேசி, மறுநாள் சமூக நலத் துறையிலிருந்து ஆள் வந்து பேசி, கல்யாணம் நின்றது. அவள் அடுத்த ஜூனில் 9ஆம் வகுப்பில் சேர்ந்தாள். இதற்கு அவளுடைய சாதியோ, மதிப்பெண்ணோ, ஆதார் எண்ணோ தேவைப்படவில்லை. ஒரு பதிவேடும், அதைப் பார்த்து எழுந்து நடக்கும் ஒரு ஆளும் தேவைப்பட்டார்கள்.

அதே நேரம், பெயரோடு கூடிய பெரிய தரவுத்தளம் மட்டுமே செய்யக்கூடிய வேலையும் உண்டு. மாநில அரசின் மாணவர் தரவுத்தளமான எமிஸில் நீங்கள் 8ஆம் வகுப்பு முடித்த பிள்ளைகளை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும்போது அவர்கள் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகிறார்கள். சேரும் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜூலை முதல் வாரத்திலும் காமன் பூலில் ஒரு பெயர் கிடக்கிறது என்றால் அந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியும் எடுக்கவில்லை என்று அர்த்தம். 5 முடித்து 6, 8 முடித்து 9, 10 முடித்து 11, இந்த மூன்று தாண்டலில்தான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நழுவுகிறார்கள். அந்தப் பெயர்களைப் பட்டியலிட்டு ஜூலையிலேயே வீடு வீடாகப் போன வருடங்களில் எத்தனையோ பேரைத் திரும்பக் கொண்டுவந்தோம். குடும்பமே ஓசூரைத் தாண்டி ஆனேக்கல்லுக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் எமிஸுக்குக் கண் தெரியாது, கர்நாடகத்துக்குத் தனித் தரவுத்தளம். 2022-23இலிருந்து நாடு முழுவதற்கும் பொதுவான யூடைஸ் பிளஸில் மாணவர்வாரியாகப் பதிவு தொடங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரந்தர எண் வந்த பிறகு அந்த இடைவெளியும் கொஞ்சம் அடைபட்டது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாள் என்பதற்கு அத்தாட்சி இதே பதிவுதான். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் என்பதால், எதையும் பதியாதீர்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பட்டியலுக்குக் கால் முளைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம், ஊரும் பள்ளியும் வேண்டாம், "கவனிக்க வேண்டிய மாணவிகள்" என்று ஒரு பட்டியல் தயாரானது. பெயர், அப்பா பெயர், தெரு, கடைசிக் காலத்தில் காரணம்: "தாய்மாமனுக்கு நிச்சயம்", "காதல் விவகாரம்", "அப்பா குடி". நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். கையெழுத்துத் தாளை ஒருவர் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார், வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று. அந்தக் குழுவில் இருந்த ஒருவருடைய மச்சான் அதே ஊர்க்காரர். மூன்றாம் நாள் அந்தப் படம் டீக்கடைக்கு வந்துவிட்டது. "காதல் விவகாரம்" என்று எழுதப்பட்டிருந்த பெண் 13 வயதுக் குழந்தை. யாரோ ஒரு பையன் கொடுத்த கடிதத்தை வாங்கியதைத் தவிர அவள் எதுவும் செய்யவில்லை. அந்த வாரமே பள்ளியை நிறுத்தினார்கள், இரண்டு மாதத்தில் வேறு மாவட்டத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. எதைத் தடுக்கப் பட்டியல் போட்டோமோ அதையே அந்தப் பட்டியல் நடத்திக் காட்டியது. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது. இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்தமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

இப்போது உங்களிடம் கேட்கப்பட்ட காலங்களுக்கு வருகிறேன். சாதி. உதவித்தொகைக்கும் விடுதிச் சேர்க்கைக்கும் அது தேவை, அந்த வேலை துறைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே போகும் பட்டியலில் மாணவியின் பெயருக்கு நேராகச் சாதியை எழுதுவது நம் மாவட்டத்தில் சாதாரண விஷயமில்லை. 2012 நவம்பரில் ஒரு கலப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. "காதல்", "சாதி", "தெரு" என்ற மூன்று காலமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது தவறான கையில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கைபேசி எண். கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று பெற்றோருக்கு வரும் போன்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளையின் பெயரும் வகுப்பும் பள்ளியும் சரியாகச் சொல்லிப் பேசினால் தக்காளி மண்டியில் மூட்டை தூக்கும் அப்பா எப்படிச் சந்தேகப்படுவார்? பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் மீட்பது கடினம். நாட்டின் பெரிய கல்விச் செயலியான திக்ஷாவிலேயே, பாதுகாப்பில்லாத சர்வரில் ஆசிரியர், மாணவர் விவரங்கள் ஒரு வருடத்துக்கு மேல் திறந்து கிடந்தன என்று 2023 ஜனவரியில் செய்தி வந்தது. அவ்வளவு பெரிய அமைப்பிலேயே அப்படி என்றால், ஒரு பென் டிரைவில் ஊர் சுற்றும் எக்ஸலை யார் காப்பாற்றப்போகிறார்கள்?

இதோடு சேர்ந்த இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. தேவைக்கு மேல் காலம் போட்டால் பொய்தான் நிரம்பும். பெற்றோரிடம் போன் இல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரின் எண்ணே 14 பிள்ளைகளுக்குப் பதிவாகியிருந்த பள்ளியைப் பார்த்திருக்கிறேன். ரத்த வகை கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் வந்தபோது, பரிசோதனை செய்ய வழியில்லாமல் வகுப்பு மொத்தத்துக்கும் ஓ பாசிட்டிவ் போட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாலை 5 மணிக்குள் 100 சதவீதம் காட்ட வேண்டும் என்றால் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் ஒரு விபத்து நேரத்தில் யாராவது அந்தக் காலத்தை நம்பினால்? குறைவாகக் கேட்டால் அந்தரங்கமும் காப்பாற்றப்படும், விவரமும் உண்மையாக இருக்கும். இந்த இரண்டையும் எதிரெதிர்த் தட்டில் வைத்துப் பேசுவதே தவறு என்று நான் நினைக்க இதுவும் ஒரு காரணம்.

"அப்படியென்றால் பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதுமே" என்று தோன்றும். பெரிய எண்ணிக்கையில் அது சரி. சின்னப் பள்ளியில் செல்லாது. அமெரிக்காவில் லத்தானியா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றை மட்டும் வைத்தே அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். அஞ்செட்டி மலைப்பக்கம் 23 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் "8ஆம் வகுப்பு, பழங்குடியினர், பெண், 1" என்று எழுதினால் அது பெயர் எழுதியதற்குச் சமம். அதனால் நான் கடைப்பிடித்த வழக்கம்: ஒரு கட்டத்தில் 5க்குக் குறைவான எண்ணிக்கை வந்தால் எண்ணை எழுதாமல் "5க்குக் கீழ்" என்று மட்டும் எழுதுவது. அதிலும் ஒரு பொறி உண்டு. மொத்தம் 23 என்று கீழே போட்டு, மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தால், கழித்துப் பார்த்து மறைத்ததைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வரிசையில் ஒன்றை மறைத்தால் இன்னொன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும், அல்லது இரண்டு வகுப்பைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். சின்னப் பள்ளியின் விவரத்தைத் தனியாகக் கொடுக்காமல் குறுவள மைய அளவில் நாலைந்து பள்ளியைக் கூட்டிக் கொடுப்பது இன்னும் நல்லது.

சட்டத்துக்கு வருவோம். உறுதியானவை முதலில். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது, ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பலன் மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு சொல்கிறது. மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் அபார் அடையாள எண்ணுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லலாம். ("நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று பிள்ளையிடம் தாளைக் கொடுத்தனுப்புவது ஒப்புதல் ஆகாது. படித்துச் சொல்லி, தெலுங்கோ கன்னடமோ அந்த வீட்டில் பேசும் மொழியில் சொல்லி, மறுத்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி வாங்குவதே ஒப்புதல்.) டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதில் 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அந்த ஒப்புதல் உண்மைதானா என்று சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், பள்ளிகளுக்குப் படிப்பு, பாதுகாப்பு என்ற இரண்டு நோக்கத்துக்கு மட்டும் சில விலக்குகளைத் தந்து, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்தன. அரசு மானியம், சலுகை வழங்குவதற்குத் தனி வழி உண்டு. தொண்டு நிறுவனம் பள்ளியும் இல்லை, அரசும் இல்லை. அதற்குப் பெற்றோர் ஒப்புதலே ஒரே நேர்வழி.

இன்னொரு சட்டத்தை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், திருமண வயதுக்கு முன் கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற வகையில் சேர்க்கிறது. அப்படிப்பட்ட குழந்தை பற்றிய விசாரணையில் அவள் பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 74ஆம் பிரிவு சொல்கிறது. போக்சோவிலும் இதே தடை 23ஆம் பிரிவில் இருக்கிறது. "கல்யாணம் நிறுத்தப்பட்ட மாணவிகள்" என்று பெயரோடு யார் பட்டியல் கேட்டாலும், அது எந்த அலுவலகமாக இருந்தாலும், எழுத்தில் கேளுங்கள் என்று சொல்ல உங்களுக்கு இதுவே போதும்.

சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றையும் சொல்ல வேண்டும். விவரத்துக்குப் பொறுப்பாளி யார்? எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பவரே பொறுப்பு என்கிறது 2023 சட்டம். எமிஸில் பதிவதைத் துறை தீர்மானிக்கிறது. நீங்களாக ஒரு எக்ஸல் தயாரித்து வெளியாருக்கு அனுப்பினால் அந்த முடிவு உங்களுடையதாகிவிடும். இது என் வாசிப்பு. வழக்கு என்று வந்தால் வேறு விதமாகவும் வாசிக்கப்படலாம். இன்னொரு சந்தேகம், கணினியே இடைநிற்கப்போகும் பிள்ளையைக் கணித்துச் சொல்லும் மென்பொருள்கள் பற்றியது. உங்களிடம் விவரம் கேட்டவர்கள் அப்படி ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஊரின் பழைய விவரத்தைப் படித்துக் கற்ற கணக்கு இன்னொரு ஊரில் அப்படியே பலிக்கும் என்று சொல்ல முடியாது. மாம்பழக் கூழ் ஆலை ஓடும் மாதங்களில் பர்கூர் பக்கம் வருகை குறையும். சித்தேரி மலையில் பெற்றோர் காபித் தோட்ட வேலைக்குப் போகும்போது குறையும். இரண்டும் எக்ஸலில் ஒரே மாதிரிதான் தெரியும். அதைவிட எனக்குப் பயம், "ஆபத்து: அதிகம்" என்று ஒரு பிள்ளையின் பெயருக்கு நேராக ஒட்டிவிட்ட சீட்டு. ஆசிரியரும் அவளை அந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கினால், எப்படியும் நிற்கப்போகிறவள்தானே என்று கையை விட்டுவிடும் அபாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட கணிப்பு கூடவே கூடாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பயன்படுத்தினால் உதவி செய்ய மட்டும் பயன்படட்டும், பள்ளிக்குள் இருக்கட்டும், ஆண்டு முடிவில் அழிக்கப்படட்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஆக, அந்த நிறுவனத்துக்கு என்ன சொல்வது? முதலில் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேளுங்கள். அது இல்லாமல் பேச்சே வேண்டாம். அனுமதி இருந்தால், மூன்று வகுப்புக்கும் சேர்த்து மாணவிகள் எத்தனை பேர், மாதவாரியாக வருகை எவ்வளவு, சென்ற மூன்று ஆண்டில் 8 முடித்தவர்களில் எத்தனை பேர் 9இல் சேரவில்லை என்ற எண்ணிக்கையைக் கொடுங்கள். ஒரு நிறுவனம் எந்த ஊரில் வேலை செய்வது, எத்தனை பேரை அமர்த்துவது என்று முடிவெடுக்க இது தாராளம். களத்தில் வேலை செய்யும் பெண்மணி வரும்போது பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரோடு உட்காரட்டும், பதிவேடு மேசையிலேயே இருக்கட்டும். எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டுக்கு டீச்சரே முதல் முறை கூட்டிப் போகட்டும். "இவங்க இந்த மாதிரி உதவி செய்றாங்க, உங்களுக்கு விருப்பம்னா உங்க நம்பரை நீங்களே குடுங்க" என்று அந்த வாசலில் சொல்லிவிட்டால், எண்ணும் கிடைக்கும், ஒப்புதலும் கிடைக்கும், நம்பிக்கையும் கெடாது. நேரம் பிடிக்கும்தான். பிள்ளைகள் அதிகமில்லாத பள்ளி உங்களுடையது, அதனால் செய்ய முடியும். உண்மையாக வேலை செய்ய வந்தவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். எக்ஸல் கிடைத்தால்தான் வேலை என்பவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் வேலை. உடனடி ஆபத்து தெரிந்தால் எந்த நிறுவனத்துக்காகவும் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ நேரே சொல்லுங்கள். நம் மாநிலத்தில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான்.

எண்ணிக்கையை அனுப்பும்போது ஒரு கைவேலைக் குறிப்பு. எக்ஸலில் ஒரு காலத்தை ஹைடு செய்தால் அது அழிந்துவிடாது. வாங்குகிறவர் வலது பொத்தானை அழுத்தி அன்ஹைடு கொடுத்தால் அத்தனையும் திரும்ப வரும். பிவட் டேபிள் போட்டு எண்ணிக்கை எடுத்திருந்தால், பின்னால் இருக்கும் முழு விவரமும் அதே கோப்புக்குள் ஒளிந்திருக்கும். எண்களை மட்டும் புதிய கோப்பில் கையால் அடித்து, அதை அனுப்புங்கள். பள்ளிக் கணக்கின் பாஸ்வேர்டைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் எழுதிக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். நெட் கிடைக்காத ஊரில் வேறு வழியில்லாமல் செய்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அந்தக் கதவு நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்தரங்கம் என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கையையே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒன்றியத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் 9ஆம் வகுப்புக்குப் போகவில்லை என்று ஒரு பெற்றோர் கேட்டால், அது தனிப்பட்ட விவரம் என்று பதில் வருகிறது. தனிப்பட்ட விவரத்தைத் தர மறுக்க இடம் கொடுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை 2023 சட்டம் திருத்திய பிறகு இப்படிச் சொல்வது இன்னும் சுலபமாகிவிட்டது. எண்ணிக்கை யாருடைய அந்தரங்கமும் அல்ல. அதை மறைத்தால் நம் பிள்ளைகள் காணாமல் போவது யாருக்கும் தெரியாமலே போகும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எண்ணிக்கையைத் தைரியமாகப் பலகையில் எழுதுங்கள்: ஜூனில் இத்தனை பேர், ஜனவரியில் இத்தனை பேர். பெயர் மட்டும் வேண்டாம். நான் பார்த்த கூட்டங்களில், பலகையில் அந்த இரண்டு எண்ணைப் பார்த்த அம்மாக்கள் தாங்களாகவே வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ப் பேசியிருக்கிறார்கள்.

கடைசியாக, போன வருடம் அனுப்பிய பட்டியல். அதை நினைத்து உறங்காமல் இருக்க வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். யாருக்கு அனுப்பினீர்களோ அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்தத் தேதியில் அனுப்பிய விவரத்தை எதற்குப் பயன்படுத்தினீர்கள், வேறு யாருக்குக் கொடுத்தீர்கள், வேலை முடிந்துவிட்டால் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தாருங்கள் என்று மூன்று வரி போதும். நகலை உங்கள் வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். உங்கள் போனிலும் மெயிலிலும் கிடக்கும் அந்தக் கோப்பை நீங்களும் அழித்துவிடுங்கள். பிறகு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி நான்கு கோடு போடுங்கள்: தேதி, கேட்டவர், கேட்டது, கொடுத்தது. முதல் வரியில் போன வருடத்து அந்தப் பட்டியலை எழுதுங்கள். இரண்டாவது வரியில் இந்த நிறுவனத்தை எழுதி, கொடுத்தது என்ற இடத்தில் "எண்ணிக்கை மட்டும்" என்று போடுங்கள். பதில் கடிதம் வந்தால் இங்கேயே எழுதுங்கள், அடுத்து என்ன செய்வதென்று பார்ப்போம்.